சொல்லும் நிலமும்: 'காலனி' என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறு

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவாக ஐயப்பன்தாங்கலில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



அயோத்திதாசப் பண்டிதர் பெயரால் நடக்கும் கூட்டத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசுவதுதான் பொருத்தம் என்று எங்களுக்குத் தோன்றியது. பண்டிதர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சொற்களோடு மல்லுக்கட்டியே கழித்தவர். 1907 ஜூன் 19 அன்று சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914இல் மறையும்வரை அவர் ஓயாமல் செய்த வேலை இதுதான்: நம்மேல் ஒட்டப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் உரித்துப் பார்த்து, இதை யார் ஒட்டினார்கள், எப்போது ஒட்டினார்கள், அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது. அவர் தந்த சொல்விளக்கங்கள் அனைத்தையும் இன்றைய மொழியியல் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். அவர் கேட்ட கேள்விகளை யாரும் தள்ளிவிட முடியாது.

அந்தக் கேள்விகளை இன்று ஓர் ஆங்கிலச் சொல்லிடம் கேட்கப்போகிறோம். அந்தச் சொல் காலனி.

ஊரா, காலனியா?

நாம் கூடியிருக்கும் இந்த இடத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். தாங்கல் என்றால் ஏரியைவிடச் சிறிய பாசன நீர்நிலை. பழவந்தாங்கல், வேடந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எல்லாம் நீரையும் வயலையும் வைத்து அமைந்த பெயர்கள். இன்று டிரங்க் ரோட்டில் மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் எழுந்துவிட்டன. உள் தெருக்களில் நுழைந்தால் நகர், அவென்யூ, என்கிளேவ் என்று பெயர்ப் பலகைகள். தாங்கல் பெயரில் இருக்கிறது. அதன் நீரில் விளைந்த வயல் பெரும்பாலும் மனையாகிவிட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் திருப்பெரும்புதூர் பக்கத்து ஆலைகளுக்கும் வேலைக்கு வந்து, போரூர், காட்டுப்பாக்கம், பூந்தமல்லி என்று வாடகை வீடு தேடி அலைந்தவர்கள் எங்களில் பலர். வீடு காட்ட வரும் தரகர் முதலில் கேட்பது "சொந்த ஊர் எது?" என்று. ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "ஊர்லயா, காலனியிலயா?" சாதியை வாய் திறந்து கேட்பது நாகரிகமில்லை என்று நினைப்பவர்கள் கண்டுபிடித்த கேள்வி இது. "காலனி" என்று சொன்ன பிறகு அந்த வீட்டுக்கு 'நேற்றுத்தான் வேறு யாரோ முன்பணம் கொடுத்துவிட்டார்கள்' என்று ஆகிவிடும். எங்களுக்கு ஒருமுறை அல்ல, மூன்று முறை அப்படி ஆனது.

பள்ளிக்கூடத்திலும் அதே கேள்விதான். "ஊர்ப் பிள்ளைகள் இந்தப் பக்கம், காலனிப் பிள்ளைகள் அந்தப் பக்கம்" என்று உதவித்தொகைப் படிவம் கொடுக்கும் நாளில் பிரித்து நிற்கவைத்தது எங்கள் தலைமுறைக்கு நினைவிருக்கும். இன்னொன்றும் நினைவிருக்கும். வழிகாட்டிப் பலகைகளில், சுவர் விளம்பரங்களில், சில நேரம் நம் வீட்டுத் திருமணப் பத்திரிகைகளிலேயே, காலனி என்பதை மூன்று சுழி 'ண' போட்டுக் 'காலணி' என்று எழுதியிருப்பார்கள். காலணி என்றால் செருப்பு. எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று நம் தாத்தாக்களைத் தடுத்தார்களோ, அந்த ஊரின் எல்லையில், நம் குடியிருப்பின் பெயராகச் செருப்பையே எழுதிவைத்தார்கள். எழுத்துப் பிழைதான். எழுதியவருக்கும் உறுத்தவில்லை, வருடக்கணக்கில் படித்துக்கொண்டு போனவர்களுக்கும் உறுத்தவில்லை என்பதுதான் செய்தி.

உழவரிடம் பிறந்த சொல்

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலம் இதை இலத்தீனிலிருந்து எடுத்தது. இலத்தீனில் 'கொலெரே' என்றால் உழுதல், பயிரிடுதல். உழுபவர் 'கொலோனஸ்'. உழவர்கள் குடியமர்ந்த இடம் 'கொலோனியா'. ரோமாபுரி அரசு, போரில் பணியாற்றி ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு, வென்ற நாடுகளில் நிலம் பிரித்துக் கொடுத்துக் குடியமர்த்தியது. அந்தக் குடியேற்றங்கள் கொலோனியா எனப்பட்டன. ஜெர்மனியில் உள்ள கொலோன் நகரம் கி.பி. 50இல் அந்தத் தகுதியைப் பெற்றது. அதன் பெயரே இந்தச் சொல்தான். இங்கிலாந்தின் லிங்கன் நகரப் பெயரின் கடைசி அசையிலும் இதுவே ஒளிந்திருக்கிறது.

ஆக, காலனி என்பதன் முதல் பொருளில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று குடியிருப்பு, மற்றொன்று உழுவதற்குச் சொந்த நிலம்.

ஆனால் அந்தச் சொல்லுக்குள் இன்னொரு கதையும் நடந்தது. பேரரசின் பிற்காலத்தில் கொலோனஸ் என்பவர் நிலக்கிழாரிடம் வாரத்துக்கு உழும் குத்தகையாளர் ஆனார். பிறகு நிலத்தோடு கட்டப்பட்டார். கி.பி. 332இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் போட்ட சட்டம், நிலத்தை விட்டு ஓடிப்போன கொலோனஸைப் பிடித்து உரியவரிடம் திருப்பி அனுப்ப வேண்டும் என்றது. ஓட நினைப்பவரை விலங்கிடலாம் என்றும் சொன்னது. சொந்த நிலத்து உழவரைக் குறித்த சொல், பிறர் நிலத்தில் கட்டுண்டு கிடப்பவரைக் குறிக்கலாயிற்று. செங்கல்பட்டுச் சீமையின் படியாள் முறையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பியர் கடல் கடந்து நாடுகளைப் பிடித்தபோது இந்தச் சொல் மறுபடி வளர்ந்தது. தாய்நாட்டிலிருந்து போய்க் குடியேறி ஆளும் நாடு காலனி ஆயிற்று. ஆங்கிலேயர் தம் அலுவலக வழக்கில் இந்தியாவைக் காலனி என்று சொல்லவில்லை. அதற்குத் தனி அமைச்சகம் இருந்தது. இலங்கை 1802 முதல் முடியாட்சிக் காலனி. நேட்டால், மொரிசியஸ், ஃபிஜி எல்லாம் காலனிகள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற 'டுரூரோ' கப்பல் நேட்டால் காலனியின் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அதன்பிறகு அரை நூற்றாண்டு அந்தப் பயணம் தொடர்ந்தது. வட ஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களின் நிலமற்ற மக்கள் அதில் திரளாகப் போனார்கள். நம் முன்னோரின் வாழ்க்கையில் காலனி என்ற சொல் நுழைந்த தொடக்க வாயில்களில் கூலி ஒப்பந்தக் காகிதமும் ஒன்று.

இலங்கைத் தமிழில் இதே சொல் 'கொலனி'. அங்கே அது வேறு வழியில் போயிற்று. 1935இன் நில அபிவிருத்திச் சட்டத்துக்குப் பிறகும், குறிப்பாக 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்திலும், குடியேறிய விவசாயிக்குப் பாசன நிலமும் வீடும் தரப்பட்டன. பெயரின் பழைய பொருள் அங்கே பிழைத்திருந்தது. ஆனால் அதே திட்டம் கிழக்கின் இன விகிதத்தை மாற்றும் கருவியாயிற்று என்பது தமிழர்களின் நீண்ட நாள் குற்றச்சாட்டு. 1956இல் கல்லோயாவில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். நிலத்தோடு வந்த காலனியிலும் அந்த நிலம் யாருக்கு, யாரைத் தள்ளிவிட்டு என்ற கேள்வி இருக்கிறது.

சேரி இறங்கிய படிகள்

நம் குடியிருப்புக்கு ஆங்கிலச் சொல் வருவதற்கு முன்பு தமிழ்ச்சொல் ஒன்று இருந்தது. அது சேரி. சேர்ந்து வாழும் இடம் என்பதைத் தவிர அதற்கு இழிவான பொருள் எதுவும் ஆதியில் இல்லை. இதற்குச் சான்று தேடித் தூரம் போக வேண்டாம். இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பிராமணர் ஊராகிய உத்திரமேரூர் 30 குடும்புகளாகவும் 12 சேரிகளாகவும் பிரிந்திருந்ததைப் பார்க்கிறோம். பிராமணர் குடியிருந்தது சேரியில்தான்!

அடுத்த நூற்றாண்டில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், இறையிலி இடங்களைக் கணக்கெடுக்கும்போது, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்கள் வருகின்றன. பொதுச்சொல்லின் முன்னால் ஓர் அடைமொழி ஏறிவிட்டது. பிறகு என்ன நடந்தது? மற்றவர்கள் தங்கள் குடியிருப்புக்கு அக்கிரகாரம், தெரு, ஊர் என்று வேறு பெயர்களை வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். சேரியில் எஞ்சியவர்கள் நாம் மட்டும். அடைமொழி தேவைப்படாமல் உதிர்ந்துவிட்டது. சேரி என்றாலே பறைச்சேரி என்றாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சென்னையில் கோட்டை கட்டிக்கொண்டு வெள்ளையர் பட்டணம், கறுப்பர் பட்டணம் என்று பிரித்தபோது, நம் குடியிருப்பையும் தங்கள் ஏடுகளில் 'பார்ச்சேரி' என்று ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்கள்.

மாணவ நண்பர்கள் இந்த இயக்கத்தைக் கவனிக்க வேண்டும். எந்தச் சொல்லும் பிறக்கும்போதே அழுக்காகப் பிறப்பதில்லை. ஒரு சொல்லுக்குள் யாரைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் வெளியேறுகிறார்கள் என்பதுதான் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது.

1891: ஒரு தீர்மானமும் ஒரு குறிப்பும்

1891ஆம் ஆண்டில் இரண்டு ஆவணங்கள் எழுதப்பட்டன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

முதலாவது நம்முடையது. 1891 டிசம்பர் 1 அன்று, பண்டிதர் முன்னின்று நடத்திய திராவிட மகாஜன சபையின் மாநாடு நீலகிரியில் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. பறையர் என்ற பெயரை இழிவுபடுத்தும் நோக்கில் பயன்படுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சொல்லால் அடிப்பதும் அடிதான், அதற்கும் சட்டத்தில் தண்டனை இருக்க வேண்டும் என்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வருவதற்கு 98 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர்கள் நம் முன்னோர்.

இரண்டாவது ஆவணம் அரசு அதிகாரியுடையது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் தம் மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி அரசுக்கு அனுப்பினார். அன்று செங்கல்பட்டு மாவட்டம் என்பது நாம் நிற்கும் இந்தப் பகுதியையும் உள்ளடக்கியது. நிலம் மிராசுதார்கள் கையில் இருந்தது. தரிசு நிலத்தைக் கேட்டு மனுப்போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. அதைவிட முக்கியமான ஒன்றை அவர் பதிவு செய்தார்: பறையருக்குத் தாம் குடியிருக்கும் மனைகூட உறுதியாகச் சொந்தமில்லை. கூலி உயர்த்திக் கேட்டாலோ, தரிசுக்கு மனுப்போட்டாலோ, மதம் மாறினாலோ, 'என் மனையைக் காலி செய்' என்று மிரட்ட மிராசுதாரால் முடிந்தது. சேரி நத்தம் என்பது தங்கும் இடமாக மட்டும் இல்லை. அது ஒரு கயிறு. ஆள் வேறெங்கும் போகாமல் கட்டிவைக்கும் கயிறு. கான்ஸ்டன்டைனின் சட்டம் இங்கே எழுதாமலே நடப்பில் இருந்தது.

டிரமென்ஹீர் புரட்சிக்காரர் அல்லர். அவருடைய பரிந்துரைகளை அரசு முழுதாக ஏற்கவும் இல்லை. ஆனாலும் 1892இல் பிறந்த அரசாணையும் அதன்பின் வந்த ஆணைகளும்தான் நாம் பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் சொல்லும் நிலங்களுக்கு வழி திறந்தன. குறிப்பிட்ட ஆண்டுகள் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்ற நிபந்தனையோடு அவை தரப்பட்டன. அப்படித் தரப்பட்டவை 12 இலட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. அவற்றில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும்.

ஒரே ஆண்டில் ஒரு கை சொல்லைக் கேட்டது, ஒரு கை நிலத்தைக் காட்டியது. இவை இரண்டும் ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கங்கள் என்பதுதான் இந்த உரையில் நாங்கள் சொல்ல வந்தது.

அரிசன காலனி

பெயர்ப் போராட்டம் அதன்பிறகும் ஓயவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் தலைகுனிய வைத்தார்களோ அந்தச் சொல்லையே தலைப்பாக்கித் தலைநிமிர்வது அவர் வழி. பண்டிதரின் வழி வேறு: பூர்வத் தமிழர் என்று பழம்பெருமையை மீட்பது. எம்.சி. ராஜா சட்டமன்றத்தின் வழியாகப் போனார். பஞ்சமர், பறையர் என்று எழுதுவதை நிறுத்தி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்ற அரசாணை 1922 மார்ச்சில் வந்தது. மூன்று வழிகளிலும் பெயரைத் தேர்ந்தவர்கள் நாமேதான்.

அடுத்து வந்த பெயர் நாம் தேர்ந்ததல்ல. 1932க்குப் பிறகு காந்தியார் 'ஹரிஜன்' என்ற சொல்லைப் பரப்பினார். 1938 ஜனவரியில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அதைச் சட்டச்சொல்லாக்க முயன்றபோது அண்ணல் அம்பேத்கரும் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியினரும் வெளிநடப்புச் செய்தார்கள். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் அவர்களுக்குப் பெயர் சூட்டும் அதிகாரம் யார் கொடுத்தது என்பதே அவர்கள் கேள்வி. அந்தச் சொல்லோடு சேர்ந்துதான் காலனி நம் கிராமங்களுக்குள் நுழைந்தது: ஹரிஜன காலனி, தமிழில் அரிசன காலனி.

இது நல்ல எண்ணமே இல்லாமல் நடந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. 1920களிலேயே சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மனை வாங்கிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியது. மிராசுதாரின் கயிற்றை அறுப்பதற்கு அது தேவையாக இருந்தது. விடுதலைக்குப் பிறகு அரிசன நலத்துறை அதைத் தொடர்ந்தது. 1974இல் தாட்கோ உருவாகி, வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் எழும்பின. நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் ஒரு தனிச்சட்டம் வந்தது. கூரை வீட்டில் மழைக்கு ஒதுங்கிக் கிடந்த நம் பாட்டிகளுக்கு அந்தத் தொகுப்பு வீடுகள் பெரிய விஷயம். "சேரி போச்சு, காலனி வந்தாச்சு" என்று அவர்கள் மகிழ்ந்தது பொய்யில்லை. அந்தச் சொல் அப்போது கௌரவச் சொல்.

ஆனால் மூன்று காரியங்கள் அப்படியே இருந்தன. காலனிக்கு எடுத்த இடம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பள்ளத்தில், ஓடைக்கரையில், சுடுகாட்டுப் பாதையில் இருந்தது. அரசுப் பணத்தில், அரசு வரைபடத்தில், ஊர் – சேரி என்ற பழைய பிரிவினை சிமெண்டில் கட்டி எழுப்பப்பட்டது. இது ஒன்று. வீட்டுக்கான சில சென்ட் மனை கிடைத்தது, உழுவதற்கு நிலம் கிடைக்கவில்லை. இது இரண்டாவது. ஆகவே காலனிக்காரர் மறுநாள் காலையில் அதே பண்ணைக்குக் கூலிக்குப் போக வேண்டியிருந்தது. இது மூன்றாவது. உழவரிடம் பிறந்த சொல் நம்மிடம் வந்துசேர்ந்தபோது உழுநிலம் அதிலிருந்து கழன்று விழுந்திருந்தது.

இதற்கு மாற்று யாரும் சொல்லாமல் இல்லை. 1942 ஜூலையில் நாகபுரியில் நடந்த அகில இந்திய ஒடுக்கப்பட்டோர் மாநாடு, சாதி இந்துக்களின் கிராமத்தைச் சாராத தனிக் குடியேற்றங்கள் வேண்டும் என்று தீர்மானித்தது. 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற தம் வரைவில் அண்ணல் அதைத் திட்டமாகவே எழுதினார்: பயிரிடத்தக்க அரசுத் தரிசு நிலங்களைக் குடியேற்ற ஆணையத்திடம் ஒப்படைத்து, அங்கே நம் மக்களைக் குடியமர்த்த வேண்டும். வீடும் வயலும் சேர்ந்த குடியேற்றம். இலத்தீன் சொல்லின் முதல் பொருள் அதுதான். அண்ணல் கேட்டது கொலோனியா. நமக்குக் கிடைத்தது காலனி.

ஒரே சொல், இரண்டு விலாசம்

இதே ஐம்பது, அறுபது ஆண்டுகளில் சென்னையில் இன்னொரு காலனியும் வளர்ந்தது. பெரம்பூர்ப் பக்கம் ஐ.சி.எஃப். காலனி, ரயில்வே காலனி, வேளச்சேரியில் ஏ.ஜி.எஸ். காலனி; பம்மலில் எல்.ஐ.சி. காலனி. பம்பாயில் தாதர் பார்சி காலனி, டெல்லியில் டிஃபென்ஸ் காலனி. இங்கெல்லாம் 'நான் இன்ன காலனி' என்று சொல்பவர் குரல் தாழ்வதில்லை. அது நிரந்தர வேலையின், வங்கிக் கடனின், அகலமான தெருவின் அடையாளம். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியமர்ந்த பர்மா காலனி தமிழ்நாட்டின் பல ஊர்களில் உண்டு. அந்தப் பெயர் இழப்பைச் சொல்கிறது, இழிவைச் சொல்வதில்லை.

பல்கலைக்கழகத்தில் மூன்றாவது காலனி ஒன்று இருக்கிறது: காலனியம், பின்காலனியம், காலனிய நீக்கம். சமூகவியல் முதுகலை வகுப்பில் நாங்கள் அதைப் படித்தோம். எல்லாக் காலனிகளுக்கும் விடுதலை கோரும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை 1960 டிசம்பர் 14 அன்று நிறைவேற்றியதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தோம். 'பின்காலனியச் சமூகத்தில் நாம் வாழ்கிறோம்' என்று பேராசிரியர் சொல்லும்போது, மாலையில் பேருந்து ஏறிக் காலனிக்குத் திரும்ப வேண்டிய நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். வெள்ளையரின் காலனி முடிந்த பிறகுதான் நம் ஊர்களில் காலனிகள் பெருகின என்பது அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை.

எனவே இழிவு எழுத்துகளில் இல்லை. ஐ.சி.எஃப். காலனியில் இல்லாத இழிவு அரிசன காலனியில் எப்படி வந்தது? சேரிக்கு வந்த அதே வழியில்தான். கிராமத்தில் அந்தச் சொல்லுக்குள் நம்மை மட்டும் தனியே வைத்தார்கள்.

அந்தத் தனிமை வெறும் மனவருத்தம் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் எரித்தவர்கள் யாரிடமும் விலாசம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நத்தம் காலனி என்ற பெயரே விலாசம். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில், பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய உயரமான சுற்றுச்சுவர் மழையில் சரிந்து ஆதிதிராவிடர் காலனி வீடுகளின்மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள்.

சொல் நீக்கமும் அதன்பின்னும்

2024 ஜூன் 18 அன்று கேரள அரசு காலனி என்ற பெயரைக் கைவிட ஆணையிட்டது. 2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், காலனி என்பது ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அந்த ஆண்டு அக்டோபரில் சாதிப் பெயர் தாங்கிய தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் பெயர்களை மாற்றுவதற்கான வழிமுறைகளோடு அரசாணையும் வந்தது.

இதை நாங்கள் வரவேற்கிறோம். 'பெயர் மாறினால் எல்லாம் மாறிவிடுமா?' என்று சலித்துக்கொள்ளும் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். 1891இல் பெயருக்காகத் தீர்மானம் போட்டவர்கள் வேலையற்றவர்கள் இல்லை. தரகரின் கேள்விக்கு நம் பிள்ளைகள் தலைகுனியாமல் பதில் சொல்ல வேண்டும் என்பது சின்ன விஷயமும் இல்லை.

ஆனால் வரலாறு தரும் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். சேரி போய்க் காலனி வந்தது. காலனி போய் நகர் வரும். நகர் என்பது தன்னளவில் பாதுகாப்பான சொல்லா? சென்னைக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகரின் பெயரில் எந்தக் குறையும் இல்லை. காப்பியத் தலைவியின் பெயர். அந்த விலாசத்தைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அங்கத்துப் பிள்ளைகள் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். மறுபுறம், 1997இல் அறிவித்த சமத்துவபுரம் திட்டத்தில் 100 வீடுகளில் 40 வீடுகள் நமக்கு, மீதி மற்றவர்களுக்கு என்று கலந்து வைத்தார்கள். அந்தத் திட்டத்தின்மேல் எத்தனை குறை சொன்னாலும், சமத்துவபுரம் என்ற சொல் வசையாகவில்லை. உள்ளே இருப்பது ஒரே சாதி இல்லை என்பதே காரணம். நாம் மட்டும் தனியே இருக்கும்வரை எந்தப் பெயரும் சில ஆண்டுகளில் அழுக்காகிவிடும்.

பலகையும் பதிவேடும்

கடைசியாக, இந்த மேற்குப் புறநகரில் வாழும் நமக்கு உடனடியாக வேண்டிய ஒன்று.

1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில், காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மேல் காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிர் கொடுத்தார்கள். அந்தப் போராட்டத்துக்கு அடிப்படையாக இருந்தது என்ன? பழைய பதிவேடு. இது ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தந்த நிலம் என்று எழுதிய பக்கம். வருவாய்த்துறை ஏடுகளில் நம்மை இழிவாக எழுதிய சொற்களே பல இடங்களில் நம் உரிமைக்கு ஒரே சாட்சி. சேரி நத்தம், டி.சி., அரிசன மனை என்பவையெல்லாம் கேட்கப் பிடிக்காத சொற்கள்தான். ஆனால் நீதிமன்றத்தில் பேசுபவை அவையே.

மெட்ரோ வரும் பாதையில் ஒரு கிரவுண்டு என்ன விலைக்குப் போகிறது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நகர், அவென்யூ, என்கிளேவ் என்று விற்ற மனைகளில் எத்தனை பழைய பஞ்சமி நிலம், எத்தனை சேரி நத்தம் என்று யாரும் இதுவரை முறையாக எண்ணவில்லை. இந்த நிலையில் 'சாதிச்சொல் நீக்கம்' என்ற பெயரால் பதிவேட்டில் உள்ள வகைப்பாடும் குறிப்பும் துடைக்கப்பட்டால், இழிவு போகும்போது சாட்சியும் சேர்ந்து போய்விடும். பலகையில் உள்ள சொல் போகட்டும். பதிவேட்டில் உள்ள நிபந்தனை போகக் கூடாது.

ஆகவே மன்றத்தின் சார்பில் மூன்று வேலைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: புதிய பெயரை அலுவலகத்தில் உட்கார்ந்து யாரும் முடிவு செய்ய விடக்கூடாது. அந்தக் குடியிருப்பின் பெண்களும் பெரியவர்களும் பிள்ளைகளும் கூடிப் பேசி, கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். 1938இல் அண்ணல் வெளிநடப்புச் செய்தது இதற்காகத்தான்.

இரண்டு: பெயர் மாறுவதற்கு முன்பு, ஒவ்வொரு காலனிக்கும் 'அ' பதிவேடு, அடங்கல், நத்தம் பதிவேடு, புலப்பட நகல், நிலம் எடுத்த ஆணை ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு வாங்கி வைக்க வேண்டும். பட்டா இல்லாத வீடுகளின் பட்டியல் தனியே வேண்டும். பெயர் மாற்றத்தோடு பட்டாவும் கேட்க வேண்டும்.

மூன்று: காலனி என்ற பெயர் எப்போது வந்தது, அதற்கு முன்பு அந்த இடத்தை என்னவென்று சொன்னார்கள், யார் நிலத்தில் யார் படியாளாக இருந்தார்கள் என்று, இன்னும் உயிரோடு இருக்கும் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுத வேண்டும். இது மாணவர்களின் வேலை. புத்தகத்தில் படிக்கும் பின்காலனியத்தைவிட உங்களுக்கு அதில் கற்க நிறைய இருக்கிறது.

பண்டிதர் வாரந்தோறும் தமிழனில் சொற்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, அந்தச் சொற்களால் அடிபட்டவர்களின் கையில் நிலம் இல்லை என்பதை மறந்து எழுதவில்லை. நாமும் மறக்க வேண்டாம். அடுத்த ஆண்டு இதே நாளில் இங்கே கூடும்போது, ஐயப்பன்தாங்கலைச் சுற்றிப் பத்துக் குடியிருப்புகளின் ஆவணங்களாவது இந்த மேசைமேல் இருக்க வேண்டும். அதுவே அவருக்கு நாம் செய்யும் நினைவஞ்சலி.